வாசலில் நின்ற கட்சி

பெரிய கிளாக்கரின் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பஞ்சாங்கம் இருக்கும். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, ரப்பர் பட்டி மாட்டி வைத்திருப்பார். வேட்டிக்கு மேலே சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர், நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்குத் திருநீறு. தலவாக்கலைக் கடைத்தெருவில் இருந்த என் தட்டச்சுக் கடைக்கு வந்தால், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவார். கடிதம் எழுதத் தொடங்க நேரம் சரிதானா என்று பார்க்கிறாராம். சரியில்லை என்றால் தேநீருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். நான் மற்றவர்களுடைய வேலையைப் பார்ப்பேன். ஒரு மணி நேரம் போனபின், "இப்ப ஆரம்பிங்க மிஸ்" என்பார். அப்படி என்ன பெரிய கடிதம் என்று நினைக்கிறீர்கள்? கோயிலுக்குப் போகும் பாதையில் ஒரு விளக்குப் போட்டுத் தரச் சொல்லிப் பிரதேச சபைக்கு எழுதும் கடிதம். அந்த விளக்கு கடைசிவரை வரவில்லை.

அவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாசம் அதற்குப் பிறகுதான் மெல்ல வருகிறது, அதுவும் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால்தான்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவருடைய மருமகன். பெரிய கிளாக்கர் தொடங்கிய கட்சிக்கு இன்றைக்குத் தலைவர் அவர். ஹட்டனில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். கட்சி என்று சொல்வதற்கு ஒரு பெயர்ப்பலகையும், அந்தக் கடைக்கு மேலே ஒரு அறையும், வருடத்துக்கு ஒரு பூசையும்தான் மிச்சம். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆண்டு விழாவுக்கு மலர் போடப் போகிறார்களாம். "கட்சி வரலாற நீங்கதான் எழுதித் தரணும் மிஸ். உங்கள விட்டா வேற ஆளில்ல. அந்த நொமினேஷன் விசயத்த மட்டும் சதின்னு போட்டுருங்க" என்றார். யாருடைய சதி என்று கேட்டேன். "பொதுவா சதின்னு போடுங்க. படிக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க." எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நொமினேஷன் அன்றைக்கு, அதாவது வேட்புமனுத் தாக்கலின்போது, என்ன ஆனது என்று கண்ணால் பார்த்தவள் நான். அங்கே சதி செய்ய யாருக்கும் வேலையே வைக்கவில்லை. எல்லாவற்றையும் நாங்களே செய்து முடித்தோம்.

வரலாறு என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பெரிய கிளாக்கர் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் செயலாளர். ஒரு வருடம் திருவிழாவில், பகல் பூசைக்கு நாதஸ்வரமும் மேளமும் தொடங்கியதும், பங்களாவிலிருந்து துரை, அதாவது தோட்ட மேலாளர், ஆள் அனுப்பினார். துரை சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாராம், மூன்று மணிவரை சத்தம் கூடாது. மேளக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்தார்கள். அம்மனுக்குத் தீபாராதனை ஆகவில்லை. எல்லோரும் கோயில் வாசலில் உட்கார்ந்து துரை எழும்பும் வரைக்கும் காத்திருந்தார்கள். அந்தச் செய்தியைக் கோயிலுக்குள் கொண்டுபோய்ச் சொன்னது பெரிய கிளாக்கர்தான். ஆபீஸ் ஆள் என்பதால் அவர் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. இதை என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் மஃப்ளரை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக்கொள்வார்.

"தோட்டத்துல மணியெல்லாம் தொரையோடது மிஸ்" என்பார். "பெரட்டுக்கு எந்திரிக்கிறது, கொழுந்து நிறுக்கிறது, சோறு திங்கிறது, எல்லாம் தொரையோட மணி. பஞ்சாங்கம் ஒண்ணுதான் நம்மளோடது. அதுல தொரை கை வைக்க முடியாது." காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்பார்கள். அந்த வரிசையில் ஆயுள் முழுவதும் நின்றவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு அவர் இப்படி நினைத்ததில் தப்புச் சொல்ல என்னால் இன்றைக்கும் முடியாது. ஓய்வு பெற்ற வருடமே, தோட்டங்களில் இந்துக்களுக்கென்று ஒரு கட்சி வேண்டும் என்று ஆரம்பித்தார். தொழிற்சங்கங்கள் சம்பளத்தைப் பார்க்கட்டும், கோயில் நிலம், தேவார வகுப்பு, திருவிழா விடுமுறை, மயானப் பாதை இவற்றை நாம் பார்ப்போம் என்பது அவருடைய பேச்சு. தலவாக்கலையில் ஒரு துணிக்கடையின் மாடியில் முதல் கூட்டம் நடந்தது. தமிழிலும் சிங்களத்திலும் கடிதம் எழுதத் தெரிந்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். தட்டச்சு செய்யப் போனவள், ஆறு மாதத்தில் அலுவலகச் செயலாளராக ஆக்கப்பட்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு, பஞ்சாங்க நம்பிக்கை கிடையாது. அதை அப்போதே அவரிடம் சொன்னேன். "பரவால்ல மிஸ், அத நான் பாத்துக்கிறேன்" என்றார். பார்த்துத்தான் கொண்டார்.

கட்சிக்கு முதல் அடி வெளியிலிருந்து விழவில்லை. ஒரு வருடம், வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சிவராத்திரியை அடுத்தடுத்த இரண்டு நாட்களில் போட்டிருந்தன. பெரிய கிளாக்கர் வாக்கியக்காரர். கொட்டகலைப் பக்கத்து உறுப்பினர்கள் திருக்கணிதக்காரர்கள். எந்த நாள் சரி என்று தீர்மானிக்க நிர்வாகக் குழு கூடியது. கூடிய கூட்டத்தில் குடிநீர் பற்றியோ, மயானப் பாதை பற்றியோ ஒரு சொல் இல்லை. நாலு மணி நேரம் சந்திரனைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் பாதிப் பேர் ஒரு ராத்திரி கண் விழித்தார்கள், மீதிப் பேர் மறு ராத்திரி. அந்த வாரமே கொட்டகலைக்காரர்கள் விலகிப் போய்த் தனி மன்றம் ஆரம்பித்துவிட்டார்கள். விலகல் கடிதங்கள் அத்தனையையும் நானே தட்டச்சு செய்துகொடுத்தேன் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. என் கடைக்குத்தான் வந்தார்கள், வேறெங்கே போவார்கள்.

இரண்டாவது அடி இன்னும் மோசம். கிடா வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்று கட்சி தீர்மானம் போட்டது. நகரத்துக் கடைக்காரர்கள் சிலர் கொண்டுவந்த தீர்மானம் அது. தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய சக்கரம் ஓடிய காலத்திலிருந்து அதைக் காக்கும் ரோதைமுனிக்குத் தோட்டத்து மக்கள் கிடா கொடுத்து வந்திருக்கிறார்கள். அந்த முனி எந்த ஆகமத்திலும் இல்லை. இந்த மலையில், இந்த வேலையில் பிறந்த சாமி. பாரம்பரியத்தைக் காப்பாற்ற வந்த கட்சி முதலில் கைவைத்தது அந்தப் பாரம்பரியத்தில். அப்படிச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. பெரிய கிளாக்கருக்கு மனதில் உடன்பாடில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் கையைத் தூக்கினார். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் கட்சிக்கு இருந்த கொஞ்ச நஞ்ச ஆதரவும் அந்த வருடத் திருவிழாவோடு போயிற்று.

தேர்தல் ஆணைக்குழுவிடம் சின்னம் கேட்ட கதையும் உண்டு. வேல் கேட்டோம். சமயச் சின்னம் தர முடியாது என்றார்கள். பட்டியலில் மிச்சமிருந்ததில் எங்களுக்குக் கிடைத்தது மின்விசிறி. இந்தக் குளிரில் மின்விசிறி வைத்திருக்கும் வீட்டை நீங்கள் தலவாக்கலையில் காட்டினால் நான் என் கடையை எழுதித் தருகிறேன். அதற்கும் பெரிய கிளாக்கர் அசரவில்லை. அது திருமாலின் சக்கரம் என்று மேடையில் விளக்கம் சொன்னார். கூட்டத்தில் சிரித்தவர்களோடு நானும் சிரித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் பிறகு கட்சிக்கு ஒரு நல்ல காலம் வந்தது. அது ஒரு பெண்ணால் வந்தது. உள்ளூராட்சித் தேர்தலில் பெண் வேட்பாளர்களும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்த சமயம் அது. கட்சி ஆண்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அப்போது தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து ஒரு அக்கா தானாகவே வந்தார். கொழுந்தெடுக்கும் வேலை, கோயில் மாதர் சங்கத்தில் தலைவி. அவர் லயத்துக்கும் பெரிய பாதைக்கும் நடுவில் ஒரு ஓயா, சின்ன ஆறு, ஓடுகிறது. அதன் மேல் இரண்டு மரத்தைப் போட்டுக் கட்டியிருந்ததைத்தான் பாலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழைக் காலத்தில் தண்ணீர் மரத்துக்கு மேலே போகும். அக்காவின் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி. மழை பிடித்தால் வாரக் கணக்கில் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தோட்டத்தில் கேட்டால் அது சபை வேலை என்றார்கள், சபையில் கேட்டால் தோட்டத்து நிலம் என்றார்கள். "எனக்குக் கட்சியெல்லாம் தெரியாதுங்க. சபைக்குள்ள ஒரு கதிரை வேணும். அதுல ஒக்காந்து அந்தப் பாலத்தக் கேக்கணும். எம் மக பத்தாம் வகுப்புக்குப் போறதுக்குள்ள கேக்கணும்" என்றார். இதுதான் அவர் விரும்பியது. வேறு எதுவும் இல்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி, மாதத்தில் அந்த மூன்று நாள் சபைக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். அக்கா அவரை நேராகப் பார்த்து, "கொழுந்துக்கு எப்பிடிப் போறனோ அப்பிடித்தாங்க" என்றார். பெரிய கிளாக்கர் மஃப்ளரால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு, "அந்தப் புள்ள பேர எழுதுங்க மிஸ்" என்றார். அவரிடம் எனக்குப் பாசம் வந்த நாட்கள் என்று எண்ணினால் அந்த நாள் முதலில் வரும்.

அடுத்த ஒரு மாதம் அக்கா ஏறி இறங்காத லயம் இல்லை. வேலை முடிந்து கூடையை இறக்கிவிட்டு அப்படியே நடப்பார். கிடா விஷயத்தில் கோபமாக இருந்தவர்களிடம், "முனிகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க எனக்கு ஓட்டுப் போடுங்க" என்று சொன்னாராம். அந்த வட்டாரத்தில் நாங்கள் ஜெயிப்போம் என்று எங்களை எதிர்த்தவர்களே பேச ஆரம்பித்தார்கள். என் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே அவர்கள் சொன்னதை நான் கேட்டேன்.

வேட்புமனு கொடுக்க ஒரு வாரம் இருந்தது. நுவரெலியாவில் மாவட்டச் செயலகத்தில் கொடுக்க வேண்டும். முதல் நாளே போய்விடலாம் என்றேன். அன்று அஷ்டமி. மறுநாள் நவமி. அதற்கு அடுத்த நாள் பெரிய கிளாக்கருக்குச் சந்திராஷ்டமம். பிறகு கரிநாள். இப்படியே கடைசி நாளான வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பகல் பன்னிரண்டோடு முடியும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை ராகு காலம் என்பது பஞ்சாங்கம் பார்க்காத எனக்கே தெரியும். அதனால் விடியற்காலையில் கிளம்பலாம் என்றேன். கோயில் பூசை முடியாமல் எப்படி என்றார். பூசை முடிந்தபோது ஏழரை தாண்டிவிட்டது. ஏழரையிலிருந்து ஒன்பதுவரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்குமாம், அப்போது கிளம்பினால் திரும்பத் திரும்பக் கிளம்ப வேண்டியிருக்குமாம். ஒன்பது அடித்து ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வேனின் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். அப்படியும் பத்தேகாலுக்குள் போயிருக்கலாம். நானுஓயாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் மரக்கறி லொறி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. பனியில் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் செயலகத்து வாசலில் இறங்கியபோது பத்து நாற்பது.

பெரிய கிளாக்கர் கடிகாரத்தைப் பார்த்தார், கோட்டுப் பையைத் தொட்டார். "பன்னெண்டு மணிக்கு உள்ள போவோம்" என்றார். பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள் என்றேன். "ராகு காலம் பன்னெண்டுக்கு முடியுது. அவங்க பன்னெண்டுக்கு மூடுறாங்க. அந்தப் பன்னெண்டுல கால வச்சிருவோம் மிஸ். நல்ல காரியத்த ராகுல ஆரம்பிச்சு இந்தப் புள்ளையத் தோக்கடிக்கச் சொல்றீங்களா?" என்றார். அக்காவுக்காகத்தான் அவர் காத்திருந்தார், அதை அவர் கண்ணில் பார்த்தேன். வேட்பாளர்களும் நாங்களுமாக வாசலுக்கு வெளியே, வேலியோரமாக நின்றோம். மனுக்கள் அடங்கிய கோப்பு என் கையில் இருந்தது. சிங்களம் தெரிந்தவள் என்பதால், மனுவைக் கையளிக்கும் அதிகாரம் பெற்ற முகவராக என்னையே நியமித்திருந்தார்கள். மற்றக் கட்சிக்காரர்கள் வாகனம் வாகனமாக வந்தார்கள், உள்ளே போனார்கள், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். எங்களைப் பார்த்துச் சிலர், இன்னும் யாராவது வரவேண்டுமா என்று அக்கறையோடு கேட்டார்கள். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

அக்கா கல்யாணச் சேலை கட்டியிருந்தார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பதினொன்றரைக்கு என் பக்கத்தில் வந்து, "நான் மட்டும் உள்ள போய்க் குடுத்தா எடுக்கமாட்டாங்களா மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டார். முகவர்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடி போய் நின்றுகொண்டார். நான் மறுபடியும் பெரிய கிளாக்கரிடம் போனேன். கெஞ்சினேன், கொஞ்சம் குரலையும் உயர்த்தினேன். அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பதினொன்றேமுக்காலுக்கு ஒரு உத்தியோகத்தர் வாசலுக்கே வந்து, "மஹத்தயா, தவ விநாடி பஹளொவய்" என்றார். இன்னும் பதினைந்து நிமிடம்தான் என்று ஒரு அந்நியர் வந்து ஞாபகப்படுத்துகிறார். பெரிய கிளாக்கர் மரியாதையாகக் கை குவித்து, "தன்னவா" என்றார். தெரியுமாம்.

பன்னிரண்டு ஆனது. பெரிய கிளாக்கர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சிவ சிவா" என்று சொல்லி வலது காலை எடுத்து வைத்தார். அதே நேரத்தில் காவலாளி கேட்டைச் சாத்தினார். இரும்புக் கம்பி அவர் முழங்காலில் இடித்தது. அவர் காலைப் பின்னுக்கு இழுக்கவில்லை, அப்படியே நின்றார். தோட்டத்தில் நிறுவை முடிந்த பிறகு வந்த கொழுந்தை, நேரம் போய்விட்டது என்று எத்தனையோ பெண்களிடம் திருப்பி அனுப்பியவர் அவர். மூடுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமலில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நல்லதுக்குத்தான்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். திரும்பி வரும்போது வேனில் அக்கா ஜன்னலோரமாக உட்கார்ந்து, சேலை கசங்காமல் மடியில் பிடித்துக்கொண்டே வந்தார்.

அந்த வட்டாரத்தில் வேறு கட்சிக்காரர் ஒருவர் ஜெயித்தார். மேல்பிரிவுக்காரர். அவருக்கு அந்த ஓயா அவசரமில்லை. முதலில் தன் பக்கத்துப் பாதைகளைப் பார்த்தார். அடுத்த மழையில் அக்காவின் மகள் ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தாள். அதற்கடுத்த மழையில் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டாள். பிறகு கொழும்புக்கு, ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போனாள். சபையின் தவணை முடிகிற வருடத்தில் அந்த உறுப்பினர் கீழ்ப்பிரிவுக்கும் வந்தார், ஒரு தீர்மானம் கொண்டுவந்தார், மழை இல்லாத இரண்டு மாதத்தில் கொங்கிரீட் பாலம் எழும்பிவிட்டது. அவ்வளவு லேசான வேலை. சபைக்குள் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு நான் பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். அதற்கு முந்திய தை மாதம் அவர் இறந்துவிட்டார். மரண அறிவித்தலை நான்தான் தட்டச்சு செய்தேன். கட்சித் தாபகர் என்று போட்டேன், வேறு எதுவும் போட மனம் வரவில்லை.

இதையெல்லாம் வரலாறாக எழுதி முடித்தேன். சதி என்ற சொல் எங்கும் இல்லை. ராகு காலத்தைப் பற்றியே மூன்று பக்கம் வந்துவிட்டது. ஒரு கட்சி எப்படித் தன் கையாலேயே தன் கதவைச் சாத்திக்கொண்டது என்று நன்றாகவே எழுதியிருப்பதாக எனக்குத் தோன்றியது. அக்காவைப் பற்றி இருப்பதால் அவரிடம் ஒரு தரம் காட்டிவிட வேண்டும் என்று போன வாரம் கீழ்ப்பிரிவுக்குப் போனேன். அந்தப் பாலத்தை நடந்து கடந்தேன், அரை நிமிடம் ஆகவில்லை. அக்கா இப்போது கொழுந்துக்குப் போவதில்லை. லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் லீக்ஸ் போட்டிருக்கிறார். என்னை வாசலில் உட்காரவைத்து, தான் எதிரே உட்கார்ந்து, லீக்ஸின் வேரை நறுக்கிக்கொண்டே, "வாசிங்க மிஸ், கேக்கிறேன்" என்றார். முழுவதையும் வாசித்தேன். விசிறிச் சின்னத்துக்குச் சிரித்தார். வாசலில் நின்ற இடம் வந்தபோது கத்தி நின்றது, பிறகு மறுபடியும் நறுக்கத் தொடங்கினார்.

"பெரிய கிளாக்கர ரொம்பத்தான் திட்டியிருக்கீங்க" என்றார்.

உள்ளதைத்தானே எழுதியிருக்கிறேன் என்றேன்.

"அவரு ராகு காலத்த நம்புனாரு. அதனால நின்னாரு. நீங்க நம்புறதில்லதானே மிஸ்?"

இல்லை என்றேன்.

"பேப்பரு உங்க கையில இருந்திச்சு. குடுக்க வேண்டிய ஆளும் நீங்கதான். அப்ப நீங்க ஏன் மிஸ் நின்னீங்க?"

அவர் குரலில் கோபம் இல்லை. ஹட்டன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டார். கையில் இருந்த தாள்களை அடுக்கி மடித்தேன். கடைசியில், "அவர் மனசு நோகுமேன்னு நின்னுட்டேன் அக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. ஒரு வயதான மனிதரின் மனம் நோகக்கூடாது என்று ஒரு பெண்பிள்ளையின் படிப்பை விட்டுக்கொடுத்திருக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க நான் யார்? அக்கா, "ம்" என்றார். நறுக்கிய லீக்ஸில் ஒரு கட்டை எடுத்து என் பைக்குள் வைத்தார். "எம் மகளும் அன்னைக்கே கேட்டிச்சு. அந்த மிஸ்ஸுக்குத்தான் சிங்களமெல்லாம் தெரியுமே, அவங்க ஏம்மா உள்ள போகலன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார்.

திரும்பி வந்து அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இப்போது ராகு காலத்துக்கு ஒரே ஒரு வரிதான். அடுத்த வரியில், மனுவைக் கையளிக்கும் அதிகாரம் என்னிடம் இருந்தது, அதற்கு நேரமும் இருந்தது, நான் கொடுக்கவில்லை என்று எழுதி என் பெயரையும் போட்டு அனுப்பினேன். நேற்று மருமகன் கூப்பிட்டார். "இத எடுத்துருவமா மிஸ்? கட்சிக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார். எடுக்க வேண்டாம், எடுப்பதானால் முழு வரலாற்றையும் எடுத்துவிடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அவர் என்ன முடிவெடுத்தாலும் சரி, அந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்துக் கொழும்புக்கு, அக்காவின் மகளுக்கு அனுப்பப் போகிறேன். அவளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அவள் கேட்டதற்கு இது பதில் ஆகாது. இத்தனை வருடம் கழித்தாவது அவள் கேட்டது என் காதில் விழுந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியட்டும்.